பிள்ளைக்கு வந்து 15ஆம் நாள்: பெற்றோரைத் தேடி வரும் அம்மாள் வருத்தம்

கொழும்பில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் முதலில் எழும் சொல் டெங்கு. பிளேட்லட் எவ்வளவு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்கும் அப்படித்தான் நடந்தது. 39 வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, அடித்துப் போட்டதுபோல உடம்பு நோ, 102 டிகிரி காய்ச்சல். இரத்தம் சோதித்தார்கள், பிளேட்லட்டுக்கு ஒரு குறையும் இல்லை. "வைரல் ஃபீவர், பனடோல் போடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். வியாழன் காலை முகம் கழுவும்போது நெற்றியோரம் இரண்டு சிவந்த புள்ளிகள். நுளம்பு கடித்ததாக்கும் என்று விட்டுவிட்டேன். குளிக்கப் போய்ச் சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டு நீர்.

இதில் வெட்கப்பட வேண்டிய விசயம் ஒன்று உண்டு. சரியாக இரண்டு கிழமைக்கு முன்னர்தான் என் ஆறு வயது மகளுக்கு இதே வருத்தம், கொப்பளிப்பான் என்கிற சின்னம்மை, வந்து போயிருந்தது. அவளைத் தூக்கியும் துடைத்தும் பக்கத்தில் படுத்தும் பார்த்தவன் நான். நாளைக் கணக்குப் பார்த்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காய்ச்சலை அன்றைக்கே யாரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். 'அது சின்னப் பிள்ளைகளின் வருத்தம்' என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நினைப்பு நம் ஊருக்குப் பொருந்தாது. ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில், தடுப்பூசி வருவதற்கு முன்னர், பத்து வயதைத் தாண்டுவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வந்து முடிந்துவிடும். ஆங்கிலப் புத்தகங்கள் இதைப் பிள்ளை நோய் என்று எழுதியது அதனால்தான். இலங்கை போன்ற வெப்ப நாடுகளில் கதை வேறு. இங்கே பலருக்குப் பிள்ளைப் பருவத்தில் இது வருவதே இல்லை. 20, 30, 40 வயதில் வருகிறது. வெக்கையும் ஈரக் காற்றும் இந்த வைரசைச் சீக்கிரம் செயலிழக்கச் செய்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. 1980களில் டென்மார்க்குக்கு அகதிகளாகப் போன இலங்கைத் தமிழரிடையே இந்த வருத்தம் பரவியது அங்கே மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு வராத நோய் நம் இளைஞர்களுக்கு வந்ததை அவர்கள் புதினமாகப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மனைவிக்கு எட்டு வயதில், 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது கொடிகாமத்தில் ஒரு வீட்டில் ஏழெட்டுக் குடும்பமாக ஒடுங்கியிருந்த நேரம், வந்து போனது. அவ்வளவு நெருக்கத்தில் வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம். நான் கொழும்பிலேயே பிறந்து, கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளில் வளர்ந்தவன். எனக்கு வரவில்லை. ஆகவே மகள் பாடசாலையிலிருந்து கொண்டுவந்ததும் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள் நான்தான்.

கொஞ்சம் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தார் கொப்பளிப்பான் என்பார்கள், பக்தியாக அம்மாள் வருத்தம் என்பார்கள். மலையகத்தில் அம்மை போட்டிருக்கு. பாடப்புத்தகத்தில் சின்னம்மை. மேல்மாடிச் சிங்கள ஆன்ரி அதைப் பெபொல என்கிறார், கூடவே குரலைத் தாழ்த்தி 'தெய்யங்கே லெட', கடவுள்மாரின் வருத்தம், என்கிறார். இதெல்லாம் சரி. ஆனால் சின்னமுத்து என்பது வேறு நோய். அது தடுப்பூசி அட்டையில் உள்ள எம்.எம்.ஆர். ஊசி காக்கிற தட்டம்மை. 'சின்ன' என்ற அடை இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், "பிள்ளைக்கு ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் ஊசி போட்டாச்சே, பிறகு எப்படி வந்தது?" என்று கேட்கிற பெற்றோர் நிறையப் பேர். நானும் கேட்டேன். அந்த ஊசி சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும்தான். கொப்பளிப்பானுக்கான ஊசி நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. வேண்டுமானால் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும்.

இனி நாட்கணக்கு. இந்த வருத்தத்தை வீட்டில் சமாளிப்பதில் பாதி வேலை மருந்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

வெரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ் ஒருவர் உடலுக்குள் போய் 10 முதல் 21 நாட்களுக்குள் கொப்புளமாக வெளியே வரும். பெரும்பாலும் 14, 15, 16ஆம் நாட்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னரே அந்த ஆளிடமிருந்து மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். மூச்சுக் காற்றிலும், கொப்புளத்து நீரைத் தொடுவதாலும் பரவும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, அதாவது சாதாரணமாக ஐந்து முதல் ஏழு நாள் வரை, இது நீடிக்கும். ஒரே கூரைக்குள் இருக்கும், முன்னர் வராத ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். இரண்டு அறையும் ஒரு குளியலறையும் உள்ள வெள்ளவத்தைத் தொடர்மாடியில், காய்ச்சலில் அழுகிற பிள்ளையைத் தனி அறையில் போட்டுவிட்டு யார் தப்பிக்க முடியும்? தப்பிக்க முயல்வதை விட, எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு ஆயத்தமாக இருப்பது நல்லது.

மகளுக்குக் கொப்புளம் தெரிந்த நாளை பூச்சியம் என்று வையுங்கள். எனக்குத் தொற்றுவதற்கான வாய்ப்பு அதற்கு இரண்டு நாள் முந்தியே தொடங்கிவிட்டது. ஆகவே எட்டாம் நாளிலிருந்தே எனக்கு வரலாம். அவளுடைய கடைசிக் கொப்புளம் ஆறாம் நாள் காய்ந்தது. அதனோடு 21ஐக் கூட்டினால் 27. ஆக எட்டாம் நாளிலிருந்து இருபத்தேழாம் நாள்வரை எனக்கு வருகிற எந்தக் காய்ச்சலும் முதலில் சந்தேகத்துக்குரியது. வீட்டில் இன்னும் ஒருவர் வராதவராக இருந்தால், அவர் முதல் சுற்றில் தப்பினாலும் என்னிடமிருந்து இரண்டாம் சுற்றில் மாட்டிக்கொள்வார். மூன்று பேர் உள்ள வீட்டில் இந்த வருத்தம் ஒன்றரை மாதத்தைத் தின்றுவிடுவது இப்படித்தான். அதோடு, வீட்டுக்குள் இரண்டாவதாகப் பிடிபடுகிறவருக்குக் கொஞ்சம் கடுமையாகவே வரும். வெளியே எங்கோ ஒரு தும்மலில் தொற்றுவதற்கும், இரவு முழுக்கப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தொற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா. மகளுக்கு எண்பது கொப்புளம் இருந்திருக்கும். எனக்கு முதுகில் மட்டும் அதைவிட அதிகம். தொண்டைக்குள், கண்ணிமையில், தலைமயிருக்குள், சொல்லக் கூச்சப்படுகிற இடங்களிலும். ஒரே நாளில் எல்லாம் வராது. மூன்று நாலு நாள், அணி அணியாக வரும். ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சிவந்த புள்ளி, இன்னோரிடத்தில் நீர்க்கொப்புளம், மற்றோரிடத்தில் பொருக்கு என்று எல்லாப் பருவமும் கலந்து கிடக்கும். இதைக் கண்டுதான் மருத்துவர் பெரும்பாலும் சோதனை எதுவும் இல்லாமலே பெயரைச் சொல்லிவிடுகிறார்.

வளர்ந்தவருக்கு வந்தால் என்ன ஆபத்து? பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் மறைக்கவும் கூடாது. அமெரிக்காவில் தடுப்பூசிக்கு முந்தைய காலக் கணக்குப்படி, ஒன்று முதல் 14 வயதுவரையான பிள்ளைகளில் இந்த வருத்தம் வந்த ஒரு லட்சம் பேரில் ஒருவர் இறந்தார்; 30 முதல் 49 வயதுக்காரரில் ஒரு லட்சத்துக்கு 25 பேர். எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் 25 மடங்கு. பெரியவர்களில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது நுரையீரலில் இறங்குவதை. புகை பிடிப்பவர்கள், கர்ப்பிணிகள், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசை எடுப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு அந்த ஆபத்து கூட. நம்மவரில் நீரிழிவுக்காரர் நிறைய. காய்ச்சலோடு சீனி ஏறி இறங்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தென்று ஒன்று இருக்கிறது, அதற்கு நேரமும் இருக்கிறது. அசைக்ளோவிர் என்ற குளிசை. வளர்ந்தவருக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாக நாளுக்கு ஐந்து, ஏழு நாட்கள். கொப்புளம் தெரிந்து 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நான் 'நுளம்புக்கடி' என்று வீணாக்கிய அந்த அரை நாள் இப்போது மனதை உறுத்துவது இதனால்தான். குளிசை சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு மாறும், ஆகவே பாமசியில் சொல்லி வாங்கிப் போடுகிற சாமான் இல்லை இது. மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படுவதில்லை. மகளுக்குத் தரவில்லை, எனக்குத் தந்தார்கள்.

மருத்துவரிடம் போவதிலும் ஒரு சிக்கல். நாம் வழக்கம்போல ஒரு டொக்டரைச் சனல் பண்ணிவிட்டு, நம்பர் வரும்வரை ஏசி அறையில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்போம். பக்கத்துக் கதிரையில் யார் இருப்பார்கள்? வயிற்றைப் பிடித்தபடி ஒரு கர்ப்பிணி, கைக்குழந்தையோடு ஒரு தாய். முதலில் தொலைபேசியில் "கொப்பளிப்பான் என்று நினைக்கிறேன், எப்படி வரலாம்?" என்று கேட்டுவிட்டுப் போவது நாகரிகம். சில இடங்களில் கடைசி நோயாளியாகவோ பின்கதவாலோ எடுக்கிறார்கள். படம் அனுப்பச் சொல்லிப் பார்க்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது. மருத்துவர் அறிவித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம் வாயில் பி.எச்.ஐ., வீட்டுக்கு வரலாம். பயப்படவோ ஒளிக்கவோ ஒன்றுமில்லை. யாருக்கெல்லாம் வந்தது, எப்போது வந்தது என்று விசாரிப்பதற்காகத்தான் வருகிறார்.

காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டைத் தாண்டாமல். பிள்ளைக்கு நிறையைப் பார்த்து மருத்துவர் சொல்கிற அளவு. இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற நோ மாத்திரைகள் வேண்டாம். கொப்பளிப்பானோடு இபுபுரூஃபன் சேரும்போது தோலுக்கடியில் கடுமையான பாக்டீரியாத் தொற்று வருவதோடு அதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். கொழும்பில் இன்னொரு காரணமும் உண்டு: அது டெங்குவாக இருந்துவிட்டால் இதே மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரே நோய் என்ற, மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிதான ஆனால் உயிர்க்கொல்லியான கோளாறு வரக்கூடும்.

இனி மாமி. மனைவியின் தாயார் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மகளுக்கு வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தரம் வீடியோ அழைப்பு. எனக்கும் வந்தது தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"தம்பி, அம்மாள் வந்திருக்கிறா. மருந்து ஒண்டும் எடுக்காதேங்கோ. உடம்பிலை தண்ணி படக்கூடாது. வீட்டிலை தாளிக்கக்கூடாது, மச்சம் சமைக்கக்கூடாது."

"ஓம் மாமி."

"வேப்பிலை கட்டினீங்களோ?"

வேப்பிலை கட்டவில்லை. வெள்ளவத்தையில் வேப்பமரம் எங்கே தேடுவது? கடைசியில் சந்தையில் கீரைக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு கட்டு வாங்கினோம். தொடர்மாடிக் கதவின் கைப்பிடியில் செருகினதும் ஒரு வேலை நடந்தது: பக்கத்து வீட்டுக்காரர் மணியை அடிக்கவில்லை, தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிற பொடியன் சாமானை வாசலில் வைத்துவிட்டுப் போனான், மேல்மாடி ஆன்ரியும் விளங்கிக்கொண்டார். சிங்களவருக்கும் கொகொம்ப இலை என்றால் அதே பொருள். அவர் கும்பிடுவது பத்தினித் தெய்யோ. நவகமுவக் கோவிலுக்கு நேர்த்தி வைப்பார். நமக்கு அதுவே கண்ணகை அம்மன். கயவாகு மன்னன் கொண்டுவந்த தெய்வம் என்று இரண்டு பக்கமும் கதை சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் பாதிப்பேர் வாசித்திருக்க மாட்டார்கள்.

மாமியின் விதிகளை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவை இந்த நோய்க்காகவே பிறந்தவையும் அல்ல. அவை வைசூரிக்காக, அதாவது பெரியம்மைக்காக எழுந்தவை. வந்தவரில் மூன்றில் ஒருவரைக் கொன்ற நோய் அது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் பிரித்துக் காட்டியதே 1767இல்தான். 1980இல் வைசூரி உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போய்விட்டது, அதன் விரதம் மட்டும் தம்பியாகிய கொப்பளிப்பானுக்கு முதுசமாக வந்துவிட்டது. மருந்தே இல்லாத ஒரு நோய்க்கு 'மருந்து எடுக்காதே' என்பது நட்டமில்லாத விதி. அசைக்ளோவிர் இருக்கிற நோய்க்கு அது நட்டமான விதி. நான் குளிசையை எடுத்தேன், மாமிக்குச் சொல்லவில்லை.

மற்ற விதிகளில் பல கைகொடுத்தன. வீட்டுக்கு ஆள் வராமல் இருப்பது, நோயாளி வெளியே போகாமல் இருப்பது: இதை எந்தச் சுகாதாரத் திணைக்களமும் மாற்றிச் சொல்லாது. தாளிக்காமல் இருப்பதன் அருமை, தொண்டை முழுக்கப் புண்ணோடு, செத்தல் மிளகாய் வெடிக்கிற புகை சுற்றுகிற ஒரு சின்ன ஃபிளாட்டில் படுத்திருந்தால்தான் விளங்கும். உறைப்பும் புளியும் பட்டாலே வாய் எரியும். உப்புக் குறைவான கஞ்சி, தயிர், குழைத்த சோறும் பருப்பும், தம்பிலி (செவ்விளநீர்). மச்சம், அதாவது மீன் இறைச்சி, வேண்டாம் என்பதை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. தோல் ஆற புரதம் வேண்டும். விரதம் முக்கியம் என்றால் பருப்பும் பாலும் கடலையும் போதும். வேப்பிலைக் கொத்தால் மெதுவாக வருடுவதில் கடி (அரிப்பு) கொஞ்சம் அடங்குவதும் உண்மை. நகத்தை விட வேப்பிலை எவ்வளவோ மேல். அரைத்த மஞ்சளை உடைந்த கொப்புளத்தில் அப்பாதிருந்தால் சரி. அப்பினால் உள்ளே சீழ் பிடிப்பது வெளியே தெரியாது.

தண்ணீர் விசயத்தில் மட்டும் மாமியோடு எனக்கு உடன்பாடில்லை. கொழும்பு வேர்வையில், குளிக்காமல் ஏழு நாள்! வேர்வை கடியைக் கூட்டும், கடி சொறிய வைக்கும், சொறிந்த புண்ணில் கிருமி போகும். சீழ் பிடித்த புண்தான் பெரும்பாலும் தழும்பாக நிற்பது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் உரசாமல் ஒரு குளிப்பு, பிறகு துவாயால் துடைக்காமல் ஒற்றி எடுப்பது, தளர்ந்த பருத்திச் சாரம், மேலில் ஒன்றுமில்லாமல் ஃபேனுக்கடியில் இருப்பது. நகத்தை ஒட்ட வெட்டுவது. கலமைன் லோஷன். இரவில் கடி தாங்காவிட்டால் மருத்துவரிடம் கேட்டுப் பிரிட்டோன் (Piriton) மாதிரியான ஓர் ஒவ்வாமைக் குளிசை. அது நித்திரையையும் கொண்டுவரும், அந்த நேரத்தில் அதுவும் வரமே. பாயையும் உடுப்பையும் எரிக்கத் தேவையில்லை. வழக்கம்போலத் தோய்த்து வெயிலில் போட்டால் போதும். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே நெடுநேரம் தாக்குப்பிடிக்காது.

பெற்றோரில் ஒருவர் நோயாளியாகிவிட்டால் மற்றவர் கதி? மனைவி வங்கியில் வேலை. மகளின் வருத்தத்துக்கு இருவரும் மாறி மாறி லீவு எடுத்துத் தீர்த்திருந்தோம். கடை, அலுவலகப் பணியாளர் சட்டத்தின்கீழ் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஏழு நாள் தற்செயல் லீவும் 14 நாள் ஆண்டு லீவும்தான். ஒரு கொப்பளிப்பான் ஏழு முதல் பத்து வேலை நாளைச் சாப்பிடும். பிள்ளையின் நாட்களுக்கு என் லீவைச் செலவழித்திராமல், எனக்கு வரப்போகிறது என்ற கணக்கோடு மனைவியின் லீவை முதலில் எடுத்திருக்க வேண்டும். இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான் என்று சொன்னாலும் பிழையில்லை. சமையலை முன்கூட்டி ஒழுங்கு பண்ணுவது, பனடோலும் கலமைனும் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது, ஏற்கெனவே வந்து போன ஒரு சொந்தக்காரரை 14ஆம் நாளையொட்டி வந்து நிற்கச் சொல்வது: பூச்சியம் நாளிலிருந்து இதற்கெல்லாம் இரண்டு கிழமை அவகாசம் கிடைக்கிறது. இவ்வளவு பெரிய முன்னறிவித்தல் தருகிற தொற்று நோய்கள் குறைவு.

எனக்கு உதவிக்கு வந்தவள் மகள்தான். பொருக்கெல்லாம் காய்ந்து பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இனி தனக்கு வராது என்ற பெருமையோடு, பின்னேரங்களில் பஞ்சில் லோஷனைத் தொட்டு என் முதுகில் ஒவ்வொரு கொப்புளமாக எண்ணி வைத்தாள். "அப்பா, சொறியாதேங்கோ, குறி வரும்." இரண்டு கிழமைக்கு முன்னர் நான் அவளுக்குச் சொன்ன அதே குரல், அதே மிரட்டல்.

எப்போது வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்கினால், இருமலோ நெஞ்சு நோவோ வந்தால், நாலைந்து நாள் கழிந்தும் காய்ச்சல் விடாவிட்டால் அல்லது விட்ட காய்ச்சல் திரும்பினால், கடும் தலையிடியோ குழப்பமோ இருந்தால், பிள்ளை நடக்கும்போது தள்ளாடினால், ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சுட்டு வீங்கிப் பரவினால், கொப்புளத்துக்குள் இரத்தம் தெரிந்தால், சலம் (சிறுநீர்) குறைந்தால், தாமதிக்க வேண்டாம். 1990ஐ அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். என்ன வருத்தம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரியவர்களில் சிக்கலானவர்களை அங்கொடையில் உள்ள தொற்றுநோய் வைத்தியசாலைக்கு, எல்லோரும் ஐ.டி.எச். என்கிற இடத்துக்கு, அனுப்புவது வழக்கம். அந்தப் பெயரைக் கேட்டுப் பதறத் தேவையில்லை. இதைத் தினமும் பார்க்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கணக்கே வேறு. முன்னர் வராத ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்தின் முதல் பாதியில் இது வந்தால், நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவில் குழந்தைக்குப் பிறவிக் கோளாறு வரக்கூடும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால் பச்சைப் பிள்ளைக்கு உயிராபத்து. கர்ப்பிணி ஒருவர் இந்த வருத்தக்காரரோடு பழகிவிட்டால் கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கதைக்க வேண்டும். முன்னர் வந்ததா என்று உறுதியில்லாவிட்டால் இரத்தத்தில் பார்த்துச் சொல்லலாம். அதற்கு முந்திய இலவசப் பரிசோதனை ஒன்று இருக்கிறது: அம்மாவுக்கு ஒரு போன் போட்டு "எனக்குச் சின்னனிலை வந்ததோ?" என்று கேட்பது.

அப்பப்பா அம்மம்மாமார் விசயம் தலைகீழ். அவர்களுக்கு எப்போதோ வந்து போயிருந்தால் பேரப்பிள்ளையிடமிருந்து திரும்பத் தொற்றுவது அரிது. ஆனால் வந்து போன வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு வேர்களில் படுத்திருக்கும். பல ஆண்டு கழித்து, ஒரு பக்கத்து விலாவிலோ முகத்திலோ எரிவோடு வரிசையாகக் கொப்புளிக்கும் அக்கி அதே ஆள்தான். அக்கி வந்த ஆச்சியின் கொப்புளத்து நீரிலிருந்து பேரப்பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வரலாம். எனக்கும் மகளுக்கும் இனி அந்த வாடகைக்காரர் உள்ளே இருக்கிறார்.

தடுப்பூசியின் பிறப்பிலும் ஒரு தகப்பன் இருக்கிறார். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்கஹாஷி 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அவருடைய மூன்று வயது மகனுக்கு இந்த வருத்தம் கடுமையாக வந்தது. இரவிரவாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், ஊருக்குத் திரும்பி அந்த வைரசை வலுவிழக்கச் செய்யும் வேலையில் இறங்கினார். ஒக்கா என்ற குடும்பப்பெயருடைய ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுத்த வைரஸ் அது. அதனால் இன்றும் ஒக்கா வகை என்றே பெயர். 1974இல் முடிவுகளை வெளியிட்டார். ஜப்பான் 1986இலும் அமெரிக்கா 1995இலும் அனுமதித்தன.

வளர்ந்தவருக்கு நாலு முதல் எட்டுக் கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி. உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் போடமாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்த பிறகும், தொற்றுக்கு ஆளாகி மூன்று, அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் போட்டால் வராமல் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ கூடும். ஆனால் கொப்புளம் தெரியும்போதே இரண்டு நாள் கடந்துவிட்டது என்பதை மறக்கக்கூடாது. பிள்ளையின் உடம்பில் முதல் நீர்த்துளியைக் கண்ட அன்றே போனால்தான் உண்டு. நான் அன்று போகவில்லை. தெஹிவளையில் இருக்கிற என் தம்பி, அவனுக்கும் வந்ததில்லை, அன்று பின்னேரமே போய்ப் போட்டுக்கொண்டான். அதற்கு முதல் நாள்தான் மகளை மடியில் வைத்துக் கரம் விளையாடிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு வரவில்லை.

எனக்கு எட்டாம் நாள் எல்லாம் காய்ந்தது. ஒன்பதாம் நாள், ஒற்றைப்படை நாள் பார்த்து, மாமி வீடியோவில் வந்தார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மனைவி கையில் வாளியோடு காட்டினாள்.

"இண்டைக்குத்தான் முதல் தண்ணி. பயப்பிடாமல் வாருங்கோ தம்பி, அம்மாள் குளிர்ந்து போவா."

"ஓம் மாமி."

"அம்மம்மா," என்றாள் பக்கத்தில் நின்ற மகள், "அப்பா ஒவ்வொரு நாளும் குளிச்சவர்."